மெழுகுச் சட்டை

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் மனிதர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஸ்நானம் மோட்டார் வண்டிகளுக்கு. இதில் சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து வரலாம். வீட்டுக்கு வீடு வாளியும் கையுமாக யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். வேஷ்டியை மடித்துக் கட்டியவர், அரை நிஜார் அணிந்தவர், காதில் பாட்டுக் கருவியை மாட்டியவர் என்று பக்தர்கள் பலவிதம். ஆனால் அபிஷேகம் ஒன்றுதான்.

அந்தப் பக்தர் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். இரண்டாவது கையாக ஒரு கார் வாங்கினேன், கருநீல நிறம். தினமும் காலையில் பழைய பனியன் துணியால் அதைத் துடைத்துத் துடைத்து வளர்த்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மாலை வெயில் பானட்டின் மீது சாய்வாக விழுந்தது. பார்த்தால், சிலந்திவலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக ஆயிரம் கீறல்கள்!

என் மனைவி அருகில் வந்து பார்த்தாள். "தேங்காய் நார் போட்டுத் தேய்த்தீர்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வழியில்லை.

பெயிண்ட் கடையில் கேட்டதற்கு, "முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதுசாக அடித்துவிடலாம், ஸார்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்டதும் கீறல்கள் கொஞ்சம் அழகாகவே தோன்ற ஆரம்பித்தன. அப்போதுதான் ஆபீஸ் நண்பர் ஒருவர், "முடிச்சூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்" என்றார்.

பெருங்களத்தூரில் பிறந்த வண்டி

பெரியவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். அவர் வீட்டு வேப்பமரத்தடியில், மரத்திலிருந்து எட்டி, தகரக் கூரையின் கீழ் நின்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிர் நீலம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன வண்டி என்று சொன்னால் நம்ப முடியாது. தகரத்தின் இடுக்கு வழியே விழுந்த வெயில் அதன் மீது பட்டு, வேப்பிலைகளின் நிழல் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தது.

இந்த வண்டிக்கும் நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா ஆரம்பமாயிற்று. ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில், வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூரில் அதன் தொழிற்சாலை இருந்தது. முதலில் வான்கார்டு, பிறகு சின்ன வண்டியான ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு, 1972-ல் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டன. அம்பாஸடரும் பியட்டும் ஆண்ட காலத்தில், 'நம்ம மெட்ராஸ் வண்டி' என்று சொல்லிக்கொள்ள இது ஒன்று இருந்தது. இத்தாலியரான மிக்கேலோட்டி வரைந்த உருவம். பானட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும் முதலை வாய்போல் அப்படியே எழும்பும். 1980களின் கடைசியில் எல்லாம் நின்றுபோயிற்று. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று கணினிக் கம்பெனிகளும் அடுக்கு மாடிகளும் நிற்கின்றன.

பெரியவர் இருபது வயதில் அங்கே பெயிண்ட் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர். கம்பெனி மூடிய பிறகு, தாம் வேலை செய்த காலத்து வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார்.

"என் கையால் அடித்த வண்டிதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், தம்பி. ஆனால் எங்கள் ஷாப்பில் அடித்த பெயிண்ட். அது மட்டும் நிச்சயம்" என்றார்.

பல்லாவரத்துக் கல்

என் வண்டியின் கீறல்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உலர்ந்த துணியால் துடைத்தீர்களா?" என்பது.

"ஆமாம், ஐயா. தினமும்!" என்றேன் சற்றுப் பெருமையுடனேயே.

"அப்படியானால் தினமும் கீறினீர்கள்" என்றார்.

நம் பக்கத்துத் தூசியைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் மலைகளில் உள்ள பாறைக்கு நில நூலார் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல் நம் ஊரிலிருந்து போன கல். தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர் 1893-ல் அதை ஆராய்ந்து, சமாதிக்குள் இருப்பவரின் பெயரையே கல்லுக்கும் சூட்டிவிட்டார். கல் நம்முடையது, பெயர் மட்டும் கல்கத்தாக்காரருடையது! அந்தக் கல்லில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. கத்தியின் எஃகையே கீறக்கூடியது குவார்ட்ஸ், பெயிண்ட் எம்மாத்திரம்? இன்று வீடு கட்ட வரும் எம்-சாண்டும் பாறையை உடைத்துச் செய்த மணல்தான். அந்தத் தூள் படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புக் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமானம்.

இன்னும் இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று போர்வெல் தண்ணீர். அதில் உள்ள உப்பு, துளி காய்ந்ததும் வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். மற்றொன்று காக்கை. அதன் எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடான பெயிண்ட் சற்று இளகும்; எச்சம் அப்போது அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். காலையில் கண்டால் காலையிலேயே ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்றால் தழும்பு நிரந்தரம்.

பனை மரம் தந்த பாதுகாப்பு

இவற்றிலிருந்து வண்டியைக் காக்கத்தான் மெழுகு. கார் மெழுகுகளில் பேர்பெற்றது கார்னோபா. பிரேஸில் தேசத்தின் வடகிழக்கே வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. அங்கே வெயில் கடுமை. தன் ஈரம் போய்விடாதபடி மரம் தானே ஓலை மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் அது பொடியாக உதிரும். தேன்மெழுகு 64 டிகிரியில் உருகிவிடும்; இது உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகையால் அக்கினி நட்சத்திரத்துக்கும் ஈடுகொடுக்கும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்புத் தருவதும் இதே மெழுகுதான்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பாலிஷ் வேறு, மெழுகு வேறு. பாலிஷ் என்பது பெயிண்டின் மேல்தோலை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது. கீறலின் விளிம்பு மழுங்குவதால் பளபளப்பு வருகிறது. மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு சட்டை போடுகிறது. இந்நாளைய வண்டிகளில் வர்ணத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மாதா மாதம் பாலிஷ் போட்டால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"பாலிஷ் மருந்து மாதிரி, மெழுகு சோறு மாதிரி. மருந்தைச் சோறாகச் சாப்பிடலாமா?" என்றார் பெரியவர்.

செய்யும் முறை

அவர் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும். தகடு கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓடவிடுங்கள். பிறகு கார் ஷாம்பு. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். அது பழைய மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். வாளி இரண்டு: ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்று அழுக்குத் துணியை அலச. மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்தைத் துடைத்த துணி பானட்டுக்கு ஆகாது.

ஈரம் போக ஒற்றி எடுத்த பிறகு, மெழுகை ஒரு பஞ்சில் சிறிது தொட்டு, ஒரு கதவு அல்லது பாதி பானட் அளவுக்கு மட்டும் மெல்லப் பூசுங்கள். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் விட வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய்த் துணியால் துடைப்பதுபோல் போதும். சில நிமிஷத்தில் மங்கலாகப் பூத்து வரும். விரலால் கோடு இழுத்தால் இழுத்த இடம் தெளிவாக வர வேண்டும், அதுதான் பதம். உடனே மிருதுவான மைக்ரோபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் ஜாக்கிரதை. வெள்ளைத் திட்டு விழும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கோடைக்கு முன் ஒரு தடவையும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும் தவறக் கூடாது. தண்ணீர் தெளித்தால் தாமரை இலைமேல் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பாய் விரித்தாற்போல் படர்ந்தால் போய்விட்டது. இப்போது கடைகளில் 'செராமிக் கோட்டிங்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கிப் பூசுகிறார்களே, அது மெழுகைவிட நெடுநாள் நிற்கும். ஆனால் அதற்கு அடியில் கீறல் இருந்தால், கீறலும் நெடுநாள் நிற்கும்!

மெழுகு காக்காத இடம்

ஹெரால்டைச் சுற்றி வந்தேன். இடப்பக்கக் கதவின் கீழ்ப்பாதி மட்டும் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது.

"2015 டிசம்பர்" என்றார் பெரியவர். அடையாறு பெருகி முடிச்சூர் முழுவதும் வெள்ளக்காடானதை யார் மறப்பார்கள்? வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது. வெளிப் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவின் உள்ளே தங்கிய ஈரம் துருவாகி, வருஷம் கழித்து வெளியே வந்தது. "மெழுகு மேலே வருவதைத் தடுக்கும், தம்பி. உள்ளேயிருந்து வருவதற்கு அது என்ன செய்யும்?"

அந்தக் கதவைச் சரிசெய்தபோது அவருடைய மகன், "முழு வண்டிக்கும் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம் அப்பா, நல்ல விலை போகும்" என்றாராம். பெரியவர் சம்மதிக்கவில்லை.

"கலர் கடையில் கிடைக்கும். மிஷின் வைத்து அதே சாயலைக் கலந்து தருகிறான். ஆனால் எங்கள் ஷாப்பே இல்லையே! அங்கே என்னோடு நின்று அடித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர்கள் வேலை செய்ததற்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது? இதைச் சுரண்டிவிட்டால் அதுவும் போச்சு."

அவருக்கு இப்போது வலது தோளைத் தூக்க முடிவதில்லை. கூரைப் பாகத்துக்கு மெழுகு பூச, நாற்காலி மேல் ஏறிக்கொண்டு வந்தாள் பத்து வயதுப் பேத்தி. தாத்தா கீழே நின்று, "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும், "தெரியும் தாத்தா, தெரியும் தாத்தா" என்று சொல்லிக்கொண்டே பூசினாள்.

வீடு திரும்பியதும் அந்தப் பனியன் துணியைத் தூக்கி எறிந்தேன். கீறல்களில் பாதி, ஒரே ஒரு முறை போட்ட பாலிஷில் மறைந்தன. மீதியை வைத்துக்கொண்டே மெழுகு பூசினேன். என் மனைவி வந்து பார்த்தாள். பானட்டில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்தாள். நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேறு எனக்கு வேண்டியதில்லை.