வில்லோவுக்கு இரண்டு வருகைகள்

கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரைப் பகுதியில் சலினாஸ், கார்மல் ஆறுகளின் ஓரமாகப் புதராக மண்டி வளர்வது அரோயோ வில்லோ. கிரிக்கெட் மட்டைக்கு மரம் தரும் வில்லோவும், நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நிற்கும் ஆற்றுப்பாலையும் இதே பேரினம்தான். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காக 1846-47இல் மான்டரே பகுதியில் செடி சேகரித்தவர் கார்ல் தியோடர் ஹார்ட்வெக். அவர் உலர்த்திக் கொண்டுவந்த கிளைகளைப் பார்த்து, அரோயோ வில்லோவுக்கு 1857இல் சாலிக்ஸ் லேசியோலெபிஸ் என்று பெயரிட்டார் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம்.

அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிய கிளை, மூலையில் ஒரு சீட்டு: யார் பறித்தது, எங்கே, எந்தத் தேதியில். ஹெர்பேரியம் எனும் உலர்தாவரக் காப்பகத்தில் பெரும்பாலான செடிகளுக்கு இது போதும். வில்லோவுக்குப் போதாது. ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ இன்னொன்றில். போதாததற்கு, அரோயோ வில்லோ இலை விரியும் முன்பே பூத்துவிடும். பிப்ரவரியில் வெட்டினால் பூங்கதிர் உண்டு, இலை இல்லை. ஜூலையில் இலை உண்டு, பூ இல்லை. அதே கடற்கரையில் சிட்கா வில்லோவும் வளர்கிறது. அதன் ஆண் பூவில் ஒரே மகரந்தத்தாள், அரோயோவில் இரண்டு. பூ இல்லாத தாள் என்றால் இலையின் அடிப்பக்க ரோமத்தை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். இதில் கலப்பினங்கள் வேறு! அதனால் விவரமானவர்கள் பூக்கும்போதே கிளையில் அடையாளத் துண்டு கட்டிவிட்டு, கோடையில் அதே புதரைத் தேடிப்போய் இலை பறிப்பார்கள். அப்படி இரு முறை பறித்த தாளைத்தான் நான் முழுதாக நம்புவேன்.

இன்று கலிபோர்னியாவின் பல ஹெர்பேரியங்களின் பதிவுகளைக் கணினியிலேயே ஒன்றாகத் தேடலாம். வரைபடத்தில் புள்ளிகள் வந்து விழும். ஆனால் பழைய சீட்டில் ‘மான்டரே அருகே’ என்று மட்டும் இருந்தால், அந்தப் புள்ளி பல கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். சாலையோரம் புள்ளிகள் நெருங்கியிருக்கும்; சேகரிப்பவர்கள் போன வழி அது. அபூர்வச் செடிக்கு ஓடுகிறவர்கள் எங்கும் கிடைக்கும் வில்லோவைச் சீண்டாமல் போவதும் உண்டு. புள்ளி இல்லாத இடத்தில் மரமும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீட்டிலுள்ள தேதிகள் வேறு கதை: எந்த ஆண்டு எந்த மாதம் பூத்திருந்தது என்பதற்கு அவற்றைவிடப் பழைய சாட்சி அநேகமாகக் கிடைக்காது.

வரைபடத்தின் வெற்றிடத்துக்குத் தீயும் காரணமாகலாம். 1906 ஏப்ரல் 18 சான்ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் படிக்கட்டு இடிந்தது. தாவரவியலாளர் ஆலிஸ் ஈஸ்ட்வுட் கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஆறாவது மாடிக்கு ஏறி, தாவரப் பெயர்களுக்கு ஆதாரமான மூலமாதிரிகள் 1,497ஐக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். வழக்கத்துக்கு மாறாக அவற்றை அவர் முன்பே தனியாகப் பிரித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. மற்றத் தாள்கள் நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் எரிந்தன. அதன்பின் 1949இல் ஓய்வு பெறுவதற்குள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களோடு அந்தத் தொகுப்பைத் திரும்ப எழுப்பியிருந்தார் ஈஸ்ட்வுட்.