பல்கலைக்கழகங்கள் கைகோத்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. துணைவேந்தர்கள் கோப்புகளை மாற்றிக்கொள்வார்கள். பொன்னாடை, நினைவுச் சின்னம், குழுப்படம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதனால் மாணவருக்குக் கிடைப்பது என்ன என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிள்ளையைச் சேர்த்த பிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த விஷயத்தில் முன்கூட்டியே விவரம் அறிந்திருப்பது நல்லது.

கையொப்பம் ஆரம்பம் மட்டுமே

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும், "இணைந்து செயல்பட இருவரும் விரும்புகிறோம்" என்ற அறிவிப்பு மட்டுமே. ஆண்டுக்கு எத்தனை மாணவர்கள் செல்வார்கள், கட்டணம் யாருக்குச் செலுத்த வேண்டும், அங்கே எழுதிய தேர்வு இங்கே செல்லுமா என்பவற்றைத் தனி உடன்படிக்கையில்தான் எழுதுவார்கள். அந்த இரண்டாவது தாள் இல்லையென்றால் முதல் தாள் அலமாரியிலேயே தங்கிவிடும்.

மாணவர் பரிமாற்றத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை எளிமையானது. இங்கிருந்து ஐவர் சென்றால் அங்கிருந்தும் ஐவர் வருவார்கள். ஒவ்வொருவரும் தம் சொந்தப் பல்கலைக்கழகத்திற்கே கல்விக் கட்டணம் செலுத்துவார்கள். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, விசா, காப்புறுதி ஆகியவை பெரும்பாலும் மாணவரின் பொறுப்பு. ஆகவே "கட்டணம் இல்லை" என்ற சொல்லைக் கேட்டவுடன் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

1956-ஆம் ஆண்டு தந்த பாடம்

மலேசியத் தமிழர்களுக்குக் கல்விப் பரிமாற்றம் புதிய விஷயமல்ல. 1949-இல் சிங்கப்பூரில் உருவான மலாயாப் பல்கலைக்கழகம், 1956-இல் இந்திய ஆய்வியல் துறையைத் தொடங்கியது. அதற்கு ஆலோசனை வழங்க இந்தியாவிலிருந்து அழைக்கப்பட்டவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வரலாற்றுப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றை எழுதிய பேரறிஞர் அவர். எனினும் அவருடைய பரிந்துரை சமஸ்கிருதத்திற்கே முதன்மை அளித்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களின் மொழிக்குத்தான் முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். எதிர்ப்புத் தெரிவித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டு, துறையின் நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் கிடைக்க வழி செய்யப்பட்டது. தமிழ் அங்கே பாடமொழியாக நிலைபெற்றது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

வெளிநாட்டு அறிஞரை அழைப்பது நன்மையே. ஆனால் தனக்கு என்ன தேவை என்பதை அழைக்கும் சமுதாயம் அறிந்திருக்க வேண்டும். 1956-இல் அந்தத் தெளிவு இருந்தது. அதற்குப் பணம் கொடுக்கும் மனமும் இருந்தது.

தனிநாயகம் அடிகளார் திறந்த வழி

1961-இல் அத்துறைக்கு வந்த சேவியர் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையே கல்விப் பரிமாற்றத்திற்குச் சிறந்த சான்று. இலங்கையில் பிறந்து, ரோமில் சமயக் கல்வி கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பிறகே அவர் கோலாலம்பூர் வந்தார்.

1964-இல் புதுடில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். பிரெஞ்சு அறிஞர் ஜீன் ஃபிலியோசா அதன் தலைவரானார். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழாராய்ச்சியின் முதல் உலக மாநாடு தமிழகத்திலோ இலங்கையிலோ நடைபெறாமல் மலேசியாவில் நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் கோலாலம்பூர் இம்மாநாட்டை ஏற்று நடத்தியது.

அதே 1966-இல் இன்னொரு பணியும் நிறைவேறியது. போர்த்துகீசியப் பாதிரியார் அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்து 1679-இல் அச்சான தமிழ் - போர்த்துகீசிய அகராதியின் பிரதி ஒன்றை, தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்திருந்தார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறி, ரோமில் காக்கப்பட்ட தமிழ் நூல் கோலாலம்பூரில் மறுபிறவி எடுத்தது. ஆய்வாளர் போய்வரும் வசதி இல்லையென்றால் இது நடந்திருக்காது.

அறிவு ஒரு திசையில் மட்டும் பாயவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இலங்கை வரலாற்று அறிஞர் சின்னப்பா அரசரத்தினம், மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்கள் பற்றி 1970-இல் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. இந்த மண்ணின் வரலாற்றை வெளியுலகிற்கு எடுத்துச் சென்றவர் வெளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர்.

இரு நாட்டில் ஒரு படிப்பு

1997-இல் தொடங்கப்பட்ட மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி வேறொரு முறையைக் கொண்டுவந்தது. மாணவர்கள் முதல் இரண்டரை ஆண்டுகளை இந்தியாவின் மணிப்பாலிலும், அடுத்த இரண்டரை ஆண்டுகளை மலேசியாவிலும் பயின்றார்கள். அடிப்படை மருத்துவத்தை அங்கே கற்று, நோயாளிகளைப் பார்த்துப் பயிலும் கட்டத்தை இங்குள்ள மருத்துவமனைகளில் முடித்தார்கள். எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறாரோ அந்த நாட்டு மக்களின் மொழியையும் நோய்களையும் மாணவர் படிக்கும்போதே பழகிக்கொள்வது இம்முறையின் பயன்.

இந்தியாவும் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வழியாக இதற்குக் கதவைத் திறந்தது. இணைப்புப் படிப்பில் சேரும் இந்திய மாணவர், தம் படிப்பில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்று அவ்விதிகள் கூறுகின்றன.

கிரெடிட் கணக்கு

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. மலேசியத் தகுதி ஆணையத்தின் முறையில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, பயிற்சி, சுயமாகப் படிப்பது எல்லாம் அதில் அடங்கும். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். எனவே அங்கே 4 கிரெடிட் பெற்ற பாடம் இங்கே 4 கிரெடிட்டாகவே கணக்கிடப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

பாடத்தின் உள்ளடக்கமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், வெளிநாட்டில் ஒரு தவணை முழுதும் உழைத்த மாணவர் திரும்பி வந்து அதே பாடத்தை மீண்டும் எடுக்க நேரிடும். பட்டம் தள்ளிப் போகும்; கல்விக் கடன் கூடும். வசதி குறைந்த குடும்பத்திற்கு அது பெரிய சுமை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பிள்ளை வெளிநாட்டுக்குப் புறப்படும் முன் பெற்றோர் சில கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் பெறுவது அவசியம். எந்தெந்தப் பாடங்கள் ஏற்றுக்கொள்ளப்படும்? இறுதிப் பட்டத்தை வழங்குவது யார்? மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் அப்பட்டத்தை மலேசியத் தொழில் மன்றம் அங்கீகரிக்கிறதா? நோயோ அவசரமோ ஏற்பட்டால் யாரைத் தொடர்பு கொள்வது? வாய்மொழியாகச் சொன்னது அதிகாரி மாறியதும் மறைந்துவிடும், கடிதம் நிற்கும்.

2024 ஆகஸ்டில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் புதுடில்லி சென்றபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் திருவள்ளுவர் இருக்கை அமைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய செய்தி இது. ஓர் இருக்கைக்குப் பெயரும் நிதியும் அரசாங்கங்கள் தரலாம். அதில் அமரும் பேராசிரியரிடம் பயில மாணவர்கள் வேண்டும், அவர்கள் எஸ்.பி.எம். தேர்விலேயே தமிழை எடுத்திருக்க வேண்டும். 1956-இல் சமுதாயம் நூலகத்திற்கு நூல் தந்தது. இன்றைய தேவை, அந்த நூல்களைத் திறந்து படிக்கும் பிள்ளைகள்.