மளிகைக்கடைச் சிறுவன் கட்டிய வீடுகள்

ஜார்ஜ் பீபாடி 1795-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 11 வயதில் பள்ளியை விட்டு மளிகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சொந்த உழைப்பால் லண்டனில் பெரும் வங்கியாளராக உயர்ந்தார்.

ஆனாலும் வறுமையை மறக்கவில்லை. லண்டன் ஏழைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட 1862-இல் அறக்கட்டளை தொடங்கினார். மொத்தம் 5 லட்சம் பவுண்டு வழங்கினார். முதல் குடியிருப்பு 1864-இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் திறக்கப்பட்டது. கீழே கடைகள், மேல்மாடியில் துணி துவைக்கவும் குளிக்கவும் வசதி!

விக்டோரியா மகாராணி தரவிருந்த பட்டத்தை அன்போடு மறுத்தார். 1869-இல் அவர் மறைந்தபோது, உடலைத் தாயகம் சேர்த்தது பிரிட்டிஷ் போர்க்கப்பல். அவர் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் லண்டனில் எளியோருக்கு வீடு தருகிறது. கொடுத்த கை மறைந்தாலும் கொடை வாழ்கிறது!