நான்கு வழிச் சாலையில் ஓர் இடுக்கு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நாள்தோறும் பஸ்ஸில் செல்பவர்களுக்கு ஓர் அனுபவம் பழகிப்போயிருக்கும். மல்லூரைத் தாண்டிவிட்டால் பஸ் காற்றாய்ப் பறக்கிறது. ஆனால் காலை ஒன்பது மணிக்குச் சீலநாயக்கன்பட்டிச் சந்திப்பைக் கடப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. "ரோட்டை இன்னும் ரெண்டு மடங்கு அகலமாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விடை அவ்வளவு எளிதன்று என்பது புரிந்தது.

முதலில் சேலத்தின் இருப்பிடத்தைப் பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (பழைய எண் 7) ஓமலூர் வழியாக வந்து, நகரின் புறவழிச்சாலையாகி, நாமக்கல் நோக்கிச் செல்கிறது. கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் செல்லும் 544 (பழைய எண் 47) இங்கேதான் பிரிகிறது. உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைச் சாலையில் சேரும் 79 (பழைய எண் 68) இங்கேதான் தொடங்குகிறது. பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகும் லாரியும், சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் காரும், கொண்டலாம்பட்டியிலிருந்து மொபெட்டில் நூல் கொண்டுபோகும் நெசவாளியும் ஒரே சாலையில் சந்திக்கிறார்கள். இது போதாதென்று நாமக்கல்லின் முட்டை வண்டிகள், கோழித்தீவன லாரிகள், எரிவாயு டாங்கர்கள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு வண்டிகள் வேறு.

இத்தகைய ஒரு சாலை ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகளைக் கடத்திவிடும்? பள்ளி இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம். ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் செல்வதாகக் கொள்வோம். முன்னால் செல்லும் வண்டி சட்டென்று அசையாமல் நின்றாலும் பின்வண்டி மோதக்கூடாது. அப்படியானால் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நீளங்கள் வேண்டும்: வண்டியின் சொந்த நீளம் (இடைவெளியையும் சேர்த்து 6 மீட்டர் என்போம்), ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி ஓடிவிடும் தூரம் (1.5 விநாடி என்போம்), பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம். கடைசியாகச் சொன்னது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

பிரேக்கின் எதிர்முடுக்கம் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,150 வண்டிகள் செல்லலாம். வேகம் 30 ஆகும்போது 1,235. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறைகிறது! 72 கிலோமீட்டர் வேகத்தில் 1,040 வண்டிகளே. அதாவது, வேகமாகச் செல்லும் சாலை என்பதும் நிறைய வண்டிகளைக் கடத்தும் சாலை என்பதும் ஒன்றல்ல. நடைமுறையில் ஓட்டுநர்கள் இவ்வளவு எச்சரிக்கையாக இடைவெளி விடுவதில்லை. ஆகவே உண்மையான சாலையில் உச்ச ஓட்டம் இதைவிட அதிகமாகவும், கூடுதல் வேகத்திலும் அமைகிறது. ஆனால் எந்தச் சாலைக்கும் ஓர் உச்சம் உண்டு, அதைத் தாண்டி வண்டிகள் நுழைந்தால் வேகமும் குறைந்து எண்ணிக்கையும் குறையும் என்பது மாறாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1930-களில் கிரீன்ஷீல்ட்ஸ் என்பவர் சாலையோரத்தில் காமிராவை நிறுத்திப் படமெடுத்து இதை முதன்முதலாக அளந்து காட்டினார்.

நம் ஊர்ச் சாலையில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா வண்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே பொறியாளர்கள் எல்லாவற்றையும் 'கார் அலகு' என்ற ஒரே நாணயத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் ஊர்ப்புறச் சாலைகளுக்கு வகுத்த பட்டியலின்படி கார் ஒன்று என்றால் ஸ்கூட்டர் அரை. பஸ்ஸும் லாரியும் மூன்று. டிரெய்லர் இணைத்த டிராக்டர் நாலரை. மாட்டு வண்டி எட்டு! சாதுவான மாட்டு வண்டிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று வியக்க வேண்டாம். அது அடைத்துக்கொள்ளும் இடத்தை மட்டும் பார்த்துத் தந்த மதிப்பன்று. பின்னால் வருபவர்களை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதும் சேர்ந்த மதிப்பு.

அதே வழிகாட்டலில் இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. சமவெளியில் இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு 15,000 கார் அலகுகள் ஏற்றவை என்றும், நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலைக்கு 35,000 என்றும் வகுத்தார்கள். அகலம் இரண்டு மடங்கானால் கொள்ளளவும் இரண்டு மடங்காகி 30,000 தானே ஆகவேண்டும்? எஞ்சிய 5,000 எங்கிருந்து வந்தது?

முந்திச் செல்வதில்தான் இரகசியம் இருக்கிறது. இருவழிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியை 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முந்துவதாகக் கொள்வோம். லாரியைவிட அது 40 மீட்டர் கூடுதலாகச் சென்றாக வேண்டும். வேக வேறுபாடு 20 கிலோமீட்டர்தான். ஆகவே 7 விநாடிக்கு மேல் அது எதிர்த்தடத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அது 140 மீட்டர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் வரும் வண்டியும் 140 மீட்டர் ஓடிவரும். குறைந்தது 280 மீட்டர் வெற்றிடம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் லாரியின் பின்னாலேயே ஊர்ந்து செல்ல வேண்டியதுதான். நடுத்தடுப்புள்ள நான்கு வழியில் இந்தக் காத்திருப்பு இல்லை. இந்த ஆபத்தும் இல்லை.

சேலம்–உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் இந்தக் கணக்கு உயிர்களோடு விளையாடியது. சுமார் 136 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை 2010-களின் தொடக்கத்தில் நான்கு வழியாக்கப்பட்டது. ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிகளை மட்டும் இருவழியாகவே அமைத்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் சிக்கனமாகத்தான் தோன்றும். சாலையில் வருபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நான்கு வழியில் 90 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகிய கண்ணும் காலும், திடீரென நடுத்தடுப்பு மறைந்த இடத்திலும் அதே வேகத்தைத்தான் நாடும். முந்துவதற்கு 280 மீட்டர் வேண்டிய இடத்தில் இரவில் தாழ்த்திய முகப்பு விளக்கு காட்டுவதோ சில பத்து மீட்டர்கள். நேருக்கு நேர் மோதல்களில் பலர் உயிரிழந்தார்கள். பின்னர்தான் அந்தப் பகுதிகளையும் நான்கு வழியாக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஒரு சாலையின் திறன் அதன் சராசரி அகலத்தில் இல்லை, அதன் மிகக் குறுகிய இடுக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இடுக்கு என்பது அகலக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுங்கச்சாவடி ஓர் இடுக்கு. சிக்னல் ஓர் இடுக்கு. பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடமும் ஒன்றே. இவற்றில் வரிசை வளரும் முறை விந்தையானது. முறையின்றி வந்து சேரும் வண்டிகளுக்கான எளிய வரிசைக் கணக்கின்படி, சாவடி தன் திறனில் பாதி அளவுக்கு வேலை செய்யும்போது சராசரியாக ஒரே ஒரு வண்டிதான் அங்கிருக்கும். 80 விழுக்காட்டில் 4 வண்டிகள். 90-இல் 9. 95-இல் 19! கடைசி ஐந்து விழுக்காடு வரிசையை இரட்டிப்புக்கு மேலாக்கிவிடுகிறது. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று ஏன் இப்படி?" என்று நாம் வியப்பது இதனால்தான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமான பின் ஓமலூர், ராசிபுரம் சாவடிகளில் ஒவ்வொரு வண்டியும் நிற்கும் நேரம் குறைந்தது. ஒரு செங்கல்கூட வைக்காமல் சாலையின் திறன் கூடியது என்றே சொல்லலாம்.

ஒரு இடுக்கை நீக்கினால் அடுத்த இடுக்கு தலைகாட்டும். சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டது. அச்சந்திப்பில் நிற்கும் தொல்லை குறைந்தது. ஆனால் எந்தப் பாலத்திலும் ஏறிய வண்டிகள் எங்கேனும் இறங்கித்தானே ஆகவேண்டும்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச் சாலையைப் பெரும் பொருட்செலவில் அகலப்படுத்தி 2008-இல் முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மீண்டும் நீண்டுவிட்டது. சாலை நன்றாயிருந்தால் முன்பு வராதவர்களும் வருவார்கள். ஊரும் அந்தச் சாலையோரமாகவே வளரும்.

நீண்டகாலத் திட்டத்தில் மிகக் கடினமான பகுதிக்கு இப்போது வருவோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் எத்தனை வண்டிகள் வரும்? இது வட்டிக்கு வட்டிக் கணக்கு. தக்க புள்ளிவிவரம் இல்லாதபோது ஆண்டுக்கு 7.5 விழுக்காடு வளர்ச்சி என்று கொள்ளுமாறு சாலைத்தள வடிவமைப்புக்கான பழைய வழிகாட்டல் கூறியது. 2012-இல் வந்த திருத்தம் குறைந்த அளவாக 5 விழுக்காட்டை வைத்தது. வேறுபாடு இரண்டரைதான். ஆனால் 20 ஆண்டில் 5 விழுக்காடு 2.65 மடங்காகிறது, 7.5 விழுக்காடோ 4.25 மடங்காகிறது. இன்று 20,000 கார் அலகுகள் செல்லும் சாலை ஒன்றை எடுத்துக்கொண்டால், முதல் கணக்கில் 53,000, இரண்டாவதில் 85,000. நான்கு வழியின் 35,000 என்ற எல்லையை ஒன்று பதினோரு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகவும், மற்றொன்று எட்டு ஆண்டுக்குள்ளும் எட்டிவிடும். ஆறு வழியா எட்டு வழியா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இந்த ஒரு சிறு எண்தான்.

அந்த எண் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பாகவும் கிணறாகவும் மாறுகிறது. சேலம்–சென்னை எட்டு வழிப் பசுமைச் சாலைக்காக 2018-இல் நில அளவை நடந்தபோது நம் மாவட்ட உழவர்கள் எதிர்த்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை இரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழிவிட்டது. வழக்கின் நியாயங்களுக்குள் நான் புகவில்லை. ஆனால் வளர்ச்சி விகிதத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், குறைந்த மதிப்பைக் கொண்டால் விடை என்ன என்று கேட்க நிலம் கொடுப்பவருக்கு முழு உரிமை உண்டு என்பது என் கருத்து. அது ஒன்றும் உயர்கணிதம் அன்று; பத்தாம் வகுப்புக் கூட்டுவட்டிதான்.

எண்ணிக்கையோடு எடையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டி நடத்திய சோதனையில், சாலைத்தளம் அடையும் சேதம் அச்சின் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கேற்ப உயர்வது தெரிந்தது. எடை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. இந்தியாவில் நான்கு டயர் கொண்ட ஓர் அச்சின் எடை வரம்பு 2018 ஜூலையில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. எடை கூடியது 13 விழுக்காடு. வரம்பு முழுவதும் ஏற்றினால் அந்த அச்சால் விளையும் சேதம் கூடுவது 60 விழுக்காட்டுக்கும் மேல். லாரித் தொழிலையே நம்பியிருக்கும் நாமக்கல்லில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். கார்களை மட்டும் எண்ணிச் சாலை போட்டால் அது லாரிகளுக்கு நிற்காது.

வாசகர்கள் இவற்றைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். சாலையோரம் பாதுகாப்பான மேட்டில், தாளும் பென்சிலும் கடிகாரமுமாக நால்வர் உட்கார வேண்டும். ஒருவர் இருசக்கர வண்டிகளையும், ஒருவர் கார்களையும், ஒருவர் பஸ் லாரிகளையும், நான்காமவர் எஞ்சியவற்றையும் 15 நிமிடம் எண்ணுங்கள். கார் அலகுக்கு மாற்றி நான்கால் பெருக்கினால் ஒரு மணி நேர ஓட்டம் கிடைக்கும். காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் எடுத்து ஒப்பிட்டால், அகலம் போதாமை நாள் முழுவதும் இருக்கிறதா, இரண்டு மணி நேரம் மட்டுமா என்பது தெரிந்துவிடும். என் மாணவர்கள் இதைச் செய்தபோது நான்காவது பையனுக்கு அதிகம் வேலை இல்லை. அரை மணி கழித்துத்தான் அணுகுசாலையில் கரும்புத் தோகை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. எட்டு என்று பெரிதாக எழுதி வைத்துக்கொண்டான்.