நகரும் மோட்டாருக்கு எந்தக் கேபிள்?

மளிகை வியாபாரிக்குக் கேபிள் விவகாரம் எதற்கு என்று எண்ண வேண்டாம். மூட்டை ஏற்றும் கன்வேயர், மாடிக்குச் சரக்கு தூக்கும் ஹாயிஸ்ட், இடம் மாற்றி வைக்கும் சலிப்பு இயந்திரம் என்று ஏதாவது ஒன்று இன்று பல கிடங்குகளில் இருக்கிறது. இவற்றில் மோட்டார் நகரும்போது கேபிளும் கூடவே நகர்கிறது. இதை அறியாமல் நாங்கள் செய்த தவறு ஓர் உயிரைப் பறித்திருக்கும். மற்றவர்களுக்கு அது நேரக் கூடாது என்றே எழுதுகிறோம்.

எங்கள் கிடங்கில் நடந்தது

பெரிய காஞ்சிபுரத்தில் உள்ள எங்கள் கிடங்கிற்குச் சக்கரம் வைத்த கன்வேயர் ஒன்று வாங்கினோம். 2 குதிரைத்திறன், சிங்கிள் பேஸ் மோட்டார். இயந்திரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்த நாங்கள், கேபிளில் சிக்கனம் பார்த்தோம். வீட்டு ஒயரிங்கில் மீந்த 1.5 சதுர மி.மீ. ஒயர்களை மூன்றாக முறுக்கி, 30 மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கொடுத்தோம். சில மாதம் நன்றாகவே ஓடியது.

ஒரு மழைநாளில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், "முதலாளி, இரும்பைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது" என்றார். "ஈரக் கையா இருக்கும், துடைச்சிக்கப்பா" என்று சொல்லிவிட்டோம். மறுநாள் அவர் அடுக்கின் மேலிருந்து தூக்கி எறியப்பட்டார். கீழே பருப்பு மூட்டைகள் கிடந்ததால் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. திரும்பத் திரும்ப மடங்கிய இடத்தில் எர்த் கம்பி உள்ளுக்குள் முறிந்திருந்தது. எர்த் போனாலும் மோட்டார் ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு மின்சாரம் உள்ள ஒயரின் உறை சட்டத்தில் உராய்ந்து தேய்ந்தது. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும். அது இல்லாததால் இயந்திரம் முழுவதும் மின்சாரம் பாய்ந்து நின்றது.

இழையைப் பாருங்கள்

இரும்புக் கம்பியை நாலு முறை மடக்கினால் ஒடியும். அதே கனமுள்ள கயிறு ஒடியாது. கேபிளும் அப்படித்தான். சுவருக்குள் அசையாமல் கிடக்கும் ஒயருக்குத் தடித்த கம்பி போதும். நகரும் கேபிளுக்கு மெல்லிய இழைகள் பல வேண்டும். மின்கடத்திகளுக்கான ஐ.எஸ். 8130 தரத்தில் 1, 2 வகுப்புகள் நிலையான ஒயரிங்குக்கு. 5, 6 வகுப்புகள் வளையும் கேபிளுக்கு. 5ஆம் வகுப்பில் 2.5 சதுர மி.மீ. என்றால் கால் மி.மீ. பருமனுள்ள இழைகள் சுமார் 50 இருக்கும். 6ஆம் வகுப்பில் இழை இன்னும் மெல்லியது. நாள் முழுவதும் போய்வரும் இயந்திரத்துக்கு அதுவே நல்லது.

கனமும் நீளமும்

ஆம்பியரை மட்டும் பார்த்துக் கேபிள் வாங்கினால் போதாது. நீளத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் மோட்டார் ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. போட்டதால் ஓட்டத்தில் 10 வோல்ட் அளவுக்கு வழியிலேயே போனது. கிளம்பும் நேரத்தில் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் 30 வோல்ட் அளவுக்கு இழப்பு. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்கு விசை கால் பங்கு குறையும். பாரத்தோடு கிளம்ப முடியாமல் உறுமி, சூடாகி, காயில் எரிவது இதனால்தான். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போட்டால் ஓட்டத்தில் இழப்பு 4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

எத்தனை கோர்?

சிங்கிள் பேஸுக்கு எர்த்துடன் சேர்த்து 3 கோர், த்ரீ பேஸுக்கு 4 கோர். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் தள்ளி இருந்தால் மோட்டாருக்கு 6 கோரும் எர்த்தும் வேண்டும். போர்வெல் மோட்டாருக்கு வாங்கிய தட்டைக் கேபிள் மீந்திருக்கிறது என்று அதை ஹாயிஸ்டில் மாட்டுகிறார்கள். அதில் இருப்பது 3 கோர்தான். த்ரீ பேஸ் போனால் எர்த்துக்கு இடமில்லை. இது பெரிய ஆபத்து.

மேலுறை

நம் கிடங்கில் எண்ணெய்ப் பசை, உப்பு, ஈரம், எலி எல்லாம் உண்டு. சாதாரண பி.வி.சி. உறை வெயிலிலும் எண்ணெயிலும் நாளடைவில் இறுகி வெடிக்கும். தரையில் இழுபடும் கேபிளுக்கு நியோப்ரீன் ரப்பர் உறை நல்லது. ரப்பர் கேபிளுக்கான தரம் ஐ.எஸ். 9968. கேபிள் செயினுக்குள் ஓடுவதற்குப் பாலியூரித்தேன் உறை தேய்மானத்தைத் தாங்கும். எலிக்கு எந்த உறையும் முழுக் காப்பு அல்ல. வேலை முடிந்ததும் சுருட்டி உயரத்தில் மாட்டுவதே வழி.

மாட்டும் முறை

நல்ல கேபிளும் தவறாக மாட்டினால் கெடும். கேபிளின் வெளி விட்டத்தைப் போல் 10 மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்காதீர்கள். இழுவிசை செம்பின் மேல் விழாமல் இரு முனையிலும் கிளாண்டு போட்டு இறுக்குங்கள். ஹாயிஸ்டின் கேபிளைக் கம்பியிலோ தண்டவாளத்திலோ வளைய வளையமாகத் தொங்க விடுங்கள். உருளையில் சுற்றியபடியே ஓட்டக் கூடாது. மூன்று அடுக்கு சுற்றியிருந்தால் வெப்பம் வெளியேறாமல் கேபிளின் தாங்கு திறன் பாதியாகிவிடும். நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட் அறவே கூடாது.

வாங்கும்போது

1. உறை மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.
2. ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கும் ஊர் நம்முடையது. செம்பையும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.
3. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் சேர்த்து மாட்டுங்கள். இது எர்த்துக்கு மாற்று அல்ல, இரண்டும் வேண்டும். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.
4. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, கேபிளை அசைத்தபடியே எர்த் தொடர்பை எலக்ட்ரீஷியன் மூலம் அளந்து பாருங்கள்.

இப்போது எங்கள் கன்வேயரில் 4 சதுர மி.மீ., 3 கோர் ரப்பர் கேபிள் ஓடுகிறது. அந்தத் தொழிலாளி குணமாகி எங்களிடமே வேலை செய்கிறார். கேபிளில் மிச்சம் பிடித்த பணம் மருத்துவச் செலவில் ஒரு மூலைக்கும் காணவில்லை. "இரும்பைத் தொட்டா இழுக்குது" என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே மெயினை நிறுத்துங்கள். கை ஈரமா என்று பிறகு பார்த்துக் கொள்ளலாம்.