பனியும் பாசறையும் முழங்காலும்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த தமிழர், வேனிலுக்கு இரண்டு கொடுத்தது போலவே பனிக்கும் இரண்டு கொடுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வெயில் மிகுந்த நாட்டினர் பனியை இத்துணை நுணுக்கமாக நோக்கியதில் வியப்பில்லை. அரிதாய் வருவதனையன்றோ மனிதர் ஊன்றிப் பார்ப்பர்?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளையுடையது. அதிலே ஆயர் குளிருக்கு ஆற்றாது நெருப்பிற் கை காய்ச்சுகின்றனர். புறாக்கள் இரை தேடப் போகாமல் மாடத்துப் பலகையில் மாறி மாறி இருக்கின்றன. பாசறையிலோ அரசன் நள்ளிரவிலும் உறங்காது, வாடைக் காற்றினூடே சென்று புண்பட்ட வீரரைக் காண்கின்றான். இப்பாட்டினைப் பல்லாண்டு கற்பித்த யான், வாடையை நூலால் அறிந்தேனேயன்றி உடம்பால் அறிந்தேனல்லேன்.

சென்ற தை மாதத்தில் என் மாணாக்கர் சிலர் ஹோட்டன் சமவெளியிலே கூடாரமடித்து ஓரிரவு தங்க எண்ணி, “ஐயாவும் வரவேண்டும்” என்றனர். எனக்கோ இரு முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. வலக்கால் பெரிதும் நோவுடையது. உடனாசிரியர் ஒருவர், “பண்டிதர், மலையெல்லாம் இளைஞருக்கு. நீர் வீட்டிலிருந்து நெடுநல்வாடையைப் படியும்” என்று நகைத்தார். நானும் உடன் நகைத்தேன். ஆயினும் அன்றிரவு அச்சொல் நெஞ்சில் முள்ளாய் நின்றது. இன்று மலையை விட்டவன் நாளை கோயில் வீதியை விடுவான். மறுநாள் படலையோடு நிற்பான். இவ்வாறு ஒவ்வொன்றாக விட்டு, ஈற்றில் சாய்மனைக் கதிரையே உலகமாகிப் போன முதியோரை யான் கண்டிருக்கின்றேன்.

வைத்தியரிடம் வினவினேன். அவர் தடுத்தாரல்லர். நடவாதிருந்தால் தொடைத் தசை மெலியும். அது மெலிந்தால் முழங்காலின் சுமை கூடும் என்றார். கதிரையிலிருந்து ஒவ்வொரு காலாக நீட்டி, சில நொடி நிறுத்தி மடக்கும் பயிற்சியை நாடோறுஞ் செய்யும்படி பணித்தார். நோவுடைய காலுக்கு எதிர்க்கையிலே பொல்லைப் பிடித்தல் வேண்டும். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுடைய கால் முன்னே செல்லல் வேண்டும் என்றும் விளக்கினார். இலக்கண நூற்பா போலச் சுருங்கிய இவ்விதியை யான் மனனஞ் செய்துகொண்டேன்.

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் நிலம் அது. 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துச் சரிவின் ஆழம் ஏறத்தாழ 870 மீற்றர். காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி எழுந்து அக்காட்சியை மறைத்துவிடுவது வழக்கம். அன்று வந்து அன்றே திரும்புவோர் இதனாலேயே ஓடுகின்றனர். முழங்கால் நோவுடையோன் ஓடல் இயலாது. அவனுக்கு வேண்டுவது வலிமையன்று, காலம். கூடாரம் அக்காலத்தை அவனுக்கு அளிக்கின்றது.

வனசீவராசிகள் திணைக்களத்தின் முன்னனுமதியோடு தங்கினோம். தை மாதத்து இரவில் அங்கு வெப்பநிலை 5 பாகை செல்சியசு வரை தாழ்வதுண்டு. குளிர் மேலிருந்து வருவது என்றே எண்ணியிருந்தேன். அது நிலத்திலிருந்து ஏறுகின்றது. போர்வை இரண்டு போர்த்தும் நடுங்கிய யான், ஒன்றை எடுத்துக் கீழே விரித்த பின்னரே கண்ணயர்ந்தேன். முழங்கால்களுக்குக் கம்பளியுறை அணிந்திருந்தேன். எழும்புவதே பெரும்பாடு. ஒருக்களித்துத் திரும்பி, கைகளை ஊன்றி, கொண்டுபோயிருந்த சிறு முக்காலியைப் பற்றியே எழுந்தேன். நெடுநேரம் மடக்கிய கால் விறைத்துவிடும். அப்புறாக்கள் மாறி மாறி இருந்ததன் பொருள் அவ்விரவிலே எனக்கு நன்கு விளங்கிற்று.

விடியலில் புல்லெல்லாம் உறைபனி வெண்ணிறமாய்ப் படிந்திருந்தது. மரையொன்று அதன்மேல் நின்று மேய்ந்தது. அதன் மூச்சு புகையாய் எழுந்தது. மல்லிக் கோப்பி குடித்து, சற்றே உலாவிக் காலைச் சூடாக்கிய பின் புறப்பட்டோம்.

நடைபாதை ஒன்பது கிலோமீற்றர்ச் சுற்று. இரண்டாவது கிலோமீற்றரளவில் ‘சிறிய உலக முடிவு’ உண்டு. அங்கே வலக்கால் முறையிடத் தொடங்கிற்று. மேலே போகும் ஆசையோ அடங்கவில்லை. ஆயினும் போன தூரம் முழுவதும் மீண்டு வரவேண்டும். முழங்காலுக்கு ஏற்றத்தினும் இறக்கமே கொடியது. ஆகவே மாணாக்கரைப் போகவிட்டு முக்காலியில் அமர்ந்தேன். சிறிது நேரம் தோல்வியுற்றவன் போலவே இருந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். பின்னர் கண் கீழே சென்றது. தேயிலைத் தோட்டங்களின்மேல் வெயில் மெல்லப் பரந்தது. பள்ளத்திலிருந்து பனி எழுந்து, மலைகளை ஒவ்வொன்றாய் மூடி, ஈற்றில் என்னையும் மூடிற்று. அது முழுவதையும் இருந்த இடத்திலிருந்தே கண்டேன். திரும்பி வந்த மாணாக்கருள் ஒருவன், “நாங்கள் போய்ச் சேர முன்னரே பனி மூடிவிட்டது, ஐயா. நீங்கள் என்ன கண்டீர்கள்?” என்று வினவினான். சொல்லச் சொல்லக் கேட்டிருந்தான்.

கால் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. உறுப்பும் கால், காற்றும் கால், பொழுதும் கால், நாலில் ஒரு கூறும் கால். உறுப்பாகிய கால் தளர்ந்தது. காற்றாகிய கால் நடுக்கிற்று. பொழுதாகிய கால் துணைநின்றது. அச்சுற்றிலே யான் கண்டது ஏறத்தாழக் காற்கூறே. அக்காற்கூறு எனக்கு நிறைந்தது.

முழங்கால் நோவுடைய ஆசிரிய அன்பர்களே, பனிக்காலம் மீண்டும் வரும். மெல்லச் செல்லுங்கள், இயலுமிடத்தில் நில்லுங்கள், ஆனாற் புறப்படாது இராதீர்கள்.