தழைக்குடிலும் தண்ணீர்க்குடமும்

களத்துத் தானியமும் ஆலையிலிருந்து வந்த திராட்சரசமும் ஒலிவ எண்ணெயும் சேர்ந்து, ஓராண்டு உழைப்பின் பலன் முழுவதும் வீட்டுக்குள் வந்து நிறைந்திருக்கும் வேளையில், அந்த வீட்டின் சொந்தக்காரனே ஏழு நாளைக்கு அதை விட்டு வெளியேறி, இலையும் தழையும் வேய்ந்த குடிலில் மனைவி மக்களோடு குடியிருக்க வேண்டும் என்பது இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. பஞ்சகாலத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் அதன் நியாயம் எளிதில் விளங்கியிருக்கும்; குதிர் நிறைந்திருக்கும்போது சொல்லப்பட்டதிலேதான் அதன் ஆழம் இருக்கிறது. நமது வேதாகமத்தில் கூடாரப் பண்டிகை என்று பெயர் பெற்றிருப்பது இந்த விழாவே.

கூடாரம் என்றவுடன் நம் மனக்கண் முன் துணியால் அடித்த கொட்டகை ஒன்று தோன்றுகிறது. எபிரெய மொழியில் சுக்கா என்று வழங்குவதோ, நம்முடைய பச்சைப் பந்தலுக்கும் தோட்டக் காவல் குடிலுக்கும் நெருங்கிய உறவுடையது. அதன் கூரை மண்ணில் விளைந்த பொருள்களாலேயே வேயப்பட வேண்டும், வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், எனினும் இரவில் அதன் இடுக்குகளின் வழியே நட்சத்திரங்கள் தெரிந்தால் நலம் என்று யூதப் பெரியோர் விதித்தனர். மழைக்கு ஒழுகும், காற்றுக்கு ஆடும் அந்தக் கூரையின் கீழ்ப் படுத்திருப்பவன், எகிப்திலிருந்து புறப்பட்டு வனாந்தரத்தில் திரிந்த தன் முன்னோரை நினைக்கிறான். அவர்களைக் காத்தது கல்லும் காரையும் அல்ல என்பதையும் நினைக்கிறான்.

இந்தப் பண்டிகை தனித்து வருவதில்லை. லேவியராகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தின்படி, ஏழாம் மாதத்தின் முதல் நாள் எக்காள நாள். பத்தாம் நாள் பாவநிவிர்த்தி நாள். பதினைந்தாம் நாள் தொடங்கி ஏழு நாள் கூடாரப் பண்டிகை. அதன்பின் எட்டாம் நாள் விசேஷ சபை கூடும் நாள். திஷ்ரி என்று இப்போது வழங்கும் அந்த மாதம் நம் கணக்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது. பலஸ்தீன நாட்டில் ஏறக்குறைய ஆறு மாத வறட்சி முடிந்து, முன்மாரியை எதிர்நோக்கி மண் வாய் பிளந்து கிடக்கும் பருவம் அது. இந்த நாள்களின் வரிசையை ஊன்றிப் பார்க்கிறவனுக்கு ஓர் உண்மை புலப்படும்: ஆனந்தம் கடைசியில் வருகிறது. முதலில் செவி திறக்கப்படுகிறது. பிறகு பாவம் நீக்கப்படுகிறது. அதற்கு ஐந்து நாளைக்குப் பிறகே களிகூரும்படி மனிதன் அழைக்கப்படுகிறான். கிறிஸ்தவனுக்கு இந்தப் பண்டிகைகளால் உண்டாகும் போதனையின் உயிர்நாடி இந்த வரிசையில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

எக்காள நாளைப் பற்றி நியாயப்பிரமாணம் சொல்லுவது மிகச் சொற்பம். ஓய்ந்திருக்க வேண்டும், எக்காளச் சத்தம் எழுப்ப வேண்டும், பலி செலுத்த வேண்டும். ஏன் எழுப்ப வேண்டும் என்பதற்கு அங்கே விளக்கமில்லை. யூதர் இன்றும் அந்நாளில் ஊதுவது உலோகத்தால் ஆன வாத்தியமல்ல, ஆட்டுக்கடாவின் கொம்பு. அதன் ஒலியில் இசையினும் ஓலமே மிகுதி. நித்திரையில் ஆழ்ந்த ஆத்துமாக்களே, விழித்தெழுந்து உங்கள் நடக்கைகளைச் சோதித்துத் திரும்புங்கள் என்று அந்தக் கொம்பு கூவுவதாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத ஞானி மைமோனிடீஸ் பொருள் உரைத்தார். பவுலும் கடைசி எக்காளத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதியிருக்கிறபடியால், கிறிஸ்தவர் பலர் இந்நாளில் கர்த்தருடைய இரண்டாம் வருகையின் முன்னடையாளத்தைக் காண்கின்றனர். வசந்தகாலப் பண்டிகைகளாகிய பஸ்காவும் முதற்கனியும் பெந்தெகொஸ்தேயும் அவருடைய மரணத்திலும் உயிர்த்தெழுதலிலும் பரிசுத்த ஆவியின் வருகையிலும் நிறைவேறினபடியே, ஏழாம் மாதத்துப் பண்டிகைகளும் தத்தம் காலத்தில் நிறைவேறும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நம்பிக்கை கணக்காக மாறும்போது நேரும் கேட்டுக்குச் சரித்திரமே சாட்சி. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் பாப்டிஸ்ட் பிரசங்கியைப் பின்பற்றினோர், பாவநிவிர்த்தி நாள் அவ்வாண்டில் எந்தத் தேதியில் வரும் என்று யூதரில் ஒரு பிரிவினரின் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணித்து, 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி ஆண்டவர் வருவார் என்று உறுதியாக நம்பியிருந்தனர். விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் அவர்களுள் உண்டு. அந்த இரவு கழிந்து பொழுது விடிந்தபோது அவர்கள் அழுத அழுகையைக் குறித்து இகழ்ச்சியாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய ஏக்கம் மெய்யானது. எக்காளம் விழித்திருக்கும்படி கொடுக்கப்பட்டதேயன்றி, நாள் குறிக்கும்படி கொடுக்கப்பட்டதன்று.

பத்தாம் நாளோ ஆண்டு முழுவதிலும் அதிபரிசுத்தமான நாள். பொன்னும் நீலமும் இரத்தாம்பரமும் இழைந்த தன் மகிமையான வஸ்திரங்களைக் களைந்துவிட்டு, ஸ்நானம் பண்ணி, வெறும் சணல்நூல் அங்கியைத் தரித்துக்கொண்டு, பிரதான ஆசாரியன் முதலில் தன் பாவத்துக்காக ஒரு காளையைப் பலியிடுகிறான். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் நிறுத்தப்பட்டுச் சீட்டுப் போடப்படுகிறது. ஒன்று பலியாகி, அதன் இரத்தம் திரைக்கு உட்புறத்தில் கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படுகிறது. மற்றொன்றின் தலைமேல் ஆசாரியன் தன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். போக்காடு என்ற அழகிய சொல்லால் நம் மொழிபெயர்ப்பாளர் அதைக் குறித்தனர். பாவம் மன்னிக்கப்படுவது ஒன்று. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோகப்படுவது மற்றொன்று. மன்னிப்பைப் பெற்ற பிறகும் பழைய குற்றத்தின் நினைவால் வாடுகிற மனச்சாட்சிகள் எத்தனையோ உண்டல்லவா! அவற்றுக்கு இந்த இரண்டாவது ஆடு மிகவும் அவசியம்.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆசிரியர் இந்தச் சடங்கை முன்வைத்தே கிறிஸ்துவின் மரணத்தை விளக்குகிறார். ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு பணிவிடை செய்தார்கள். இவரோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் என்று அவர் சொல்லும்போது, நிற்பதற்கும் உட்காருவதற்கும் உள்ள அந்தச் சிறு வேற்றுமைக்குள் கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் அடங்கிவிடுகிறது. தீராத வேலை செய்கிறவன் நிற்கிறான், முடித்தவன் உட்காருகிறான்.

ஆனாலும் இந்நாளைத் தேவனுக்கும் தனி மனிதனுக்கும் இடையே நடக்கும் அந்தரங்கக் காரியமாக மட்டும் கொள்வோர் அதன் பாதியை இழக்கின்றனர். ஐம்பதாம் ஆண்டில், இதே பத்தாம் நாளில்தான் யூபிலி எக்காளம் ஊதப்பட வேண்டும். அதைக் கேட்டு அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்புவான், விற்றவன் தன் காணியாட்சிக்குத் திரும்புவான். பாவம் நீங்கிய அதே நாளில் கடன்பட்டவனுடைய நிலமும் மீள வேண்டும் என்று விதித்த தேவனுடைய உள்ளம் நம் சிந்தைக்குரியது. நாசரேத்தூர் ஜெபஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்துச் சிறைப்பட்டோருக்கு விடுதலையை அறிவித்தபோது, கேட்டவர்களுடைய காதில் இந்த யூபிலியின் ஒலியும் கலந்தே விழுந்திருக்கும். அயலானுக்குச் செய்த குற்றத்தை, அவனைச் சமாதானப்படுத்தாதவரையில், பாவநிவிர்த்தி நாளும் நீக்காது என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா கூறுகிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கம் கூறுவதும் வேறன்று.

இவ்விதமாக அழுது, உபவாசித்து, சுத்திகரிக்கப்பட்ட ஜனங்களே பதினைந்தாம் நாளில் குடிலுக்குள் பிரவேசிக்கின்றனர். அந்த ஏழு நாளில் எருசலேமில் பொங்கிய மகிழ்ச்சியை மிஷ்னா விரிவாய் வர்ணிக்கிறது. ஒவ்வொரு காலையிலும் ஓர் ஆசாரியன் பொற்குடத்தோடு சீலோவாம் குளத்துக்கு இறங்கிப்போய், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டு, எக்காளம் முழங்க ஏறிவந்து, அதைப் பலிபீடத்தில் திராட்சரசத்தோடு வார்ப்பான். மழைக்கு ஏங்கும் பருவத்தில், கைவசமுள்ள அந்தச் சிறிதளவு தண்ணீரைத் தேவசமுகத்தில் ஊற்றிவிடுவது எத்தகைய ஜெபம்! இரவிலோ, ஸ்திரீகளின் பிராகாரத்தில் மாபெரும் பொன் விளக்குத்தண்டுகள் ஏற்றப்படும். ஆசாரியருடைய நைந்துபோன உடைகளைக் கிழித்தே அவற்றுக்குத் திரி செய்தார்கள். அந்த வெளிச்சம் எட்டாத முற்றம் எருசலேமில் இல்லை என்பார்கள். பக்திமான்கள் அதனடியில் தீவட்டிகளோடு ஆடிப்பாடினார்கள்.

2004ஆம் ஆண்டில், எருசலேமின் பழைய தாவீதின் நகரப் பகுதியில் கழிவுநீர்க் குழாய் வேலைக்காக மண்ணை அகழ்ந்தபோது, பெரிய கற்படிகள் சில வெளிப்பட்டன. ரோனி ரைக், எலி ஷுக்ரோன் என்னும் அகழாய்வாளர்கள் அவை இயேசுவின் காலத்துச் சீலோவாம் குளத்தின் படிகளே என்று கண்டறிந்தனர். அங்கிருந்து ஆலயத்தை நோக்கி ஏறிச்செல்லும் கற்பாவிய வீதியும் பின்னர் வெளிப்படுத்தப்பட்டது. பொற்குடம் ஏந்திய ஆசாரியரின் பாதங்களும், பின்தொடர்ந்த யாத்திரிகரின் பாதங்களும் பட்ட இடங்கள் இவை.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு யோவான் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தை வாசியுங்கள். பண்டிகையின் கடைசி நாளில் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவர்களைத் தம்மிடத்தில் வந்து பானம்பண்ணும்படி சத்தமிட்டு அழைக்கிறார். அந்நாள் ஏழாம் நாளா, எட்டாம் நாளா என்று அறிஞர் வழக்காடுவர். ஏழாம் நாளானால், ஜனங்கள் பலிபீடத்தை ஏழுமுறை சுற்றிவந்து மழைக்காக மன்றாடிய நாளில் அந்தக் குரல் எழுந்தது; எட்டாம் நாளானால், தண்ணீர் வார்க்கும் சடங்கு ஓய்ந்து பொற்குடம் வெறுமையான நாளில் எழுந்தது. எனக்கு இரண்டாவதே நெஞ்சைத் தொடுகிறது. அடுத்த அதிகாரத்தில் அவர் தம்மை உலகத்தின் ஒளி என்கிறார். அதைச் சொன்னது காணிக்கைப் பெட்டி இருந்த இடத்தில் என்று யோவான் குறித்திருக்கிறார், அதுவோ விளக்குகள் எரிந்த ஸ்திரீகளின் பிராகாரத்தைச் சேர்ந்தது. அதற்கடுத்த அதிகாரத்தில் பிறவிக்குருடன் ஒருவனைக் கழுவும்படி அவர் அனுப்புவதும் அந்தச் சீலோவாம் குளத்துக்கே. தண்ணீர், ஒளி, குளம் என்னும் மூன்றையும் பண்டிகையிலிருந்து பிரித்துவிட்டால் இந்த அதிகாரங்கள் பாதி ஊமையாகிவிடும். யோவான் தமது முதல் அதிகாரத்தில், வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினதைச் சொல்லக் கையாண்ட கிரேக்கச் சொல்லுக்கும், கூடாரமிட்டுத் தங்கினார் என்பதே நேர்ப்பொருள். ஒழுகும் கூரையின் கீழ் மனிதன் மட்டுமா படுத்தான்? தேவகுமாரனும் படுத்தார்.

அப்படியானால் நாமும் இப்பண்டிகைகளை ஆசரிக்க வேண்டுமோ என்று கேட்போர் பலர். 386ஆம் ஆண்டில் அந்தியோகியாவின் கிறிஸ்தவர்கள் யூதருடைய எக்காள நாளுக்கும் உபவாசத்துக்கும் கூடாரப் பண்டிகைக்கும் போய்வந்ததைக் கண்டித்துத் திருச்சபைப் பிதாவாகிய யோவான் கிறிசோஸ்தம் பிரசங்கங்கள் செய்தார். அவற்றில் யூதரைக் குறித்து அவர் பேசிய கடுஞ்சொற்கள் பிற்காலத்தில் அந்த ஜனத்துக்கு எத்தனையோ தீங்கு விளைவித்தன. அச்சொற்களை நாம் ஒருபோதும் எடுத்தாளக் கூடாது. பண்டிகைகளும் ஓய்வுநாள்களும் வருங்காரியங்களின் நிழல், அவற்றின் பொருளோ கிறிஸ்து என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது நமக்குப் போதும். ஆகவே ஆசரிக்கும் கடமை நமக்கில்லை. அறியும் கடமை உண்டு. இயேசு நடந்த வழி அறியாதவன் அவர் பேசியதன் பொருளை எப்படி முழுமையாய் அறிவான்? இந்த விழாக்களை இன்றளவும் உபவாசத்தோடும் உவகையோடும் காத்துவருகிற யூதரிடம் நாம் கேட்டுக் கற்க வேண்டியதும் மிகுதி.

இப்பண்டிகையில் மற்றொரு விசேஷம் உண்டு. எண்ணாகமம் இருபத்தொன்பதாம் அதிகாரத்தின்படி, முதல் நாள் பதின்மூன்று காளைகளில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் குறைந்து, ஏழாம் நாளில் ஏழாகி, மொத்தம் எழுபது காளைகள் பலியாயின; அவை உலகத்தின் எழுபது ஜாதிகளுக்காக என்று ரபீக்கள் விளக்கினர். சகல ஜாதிகளும் எருசலேமுக்கு வந்து கூடாரப் பண்டிகையை ஆசரிக்கும் காலத்தைச் சகரியா தீர்க்கதரிசி கண்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில், எண்ணக்கூடாத திரளான ஜனங்கள் குருத்தோலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், தேவன் அவர்கள்மேல் கூடாரமாயிருப்பதையும், ஆட்டுக்குட்டியானவர் அவர்களை ஜீவத்தண்ணீருள்ள ஊற்றுகளுக்கு நடத்துவதையும் வாசிக்கும்போது, அந்தக் காட்சி எந்தப் பண்டிகையினுடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மகத்தான பந்தியில் யார் யார் உட்காருவார்கள் என்பதை உபாகமம் முன்னரே பெயர் குறித்து வைத்திருக்கிறது: உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. எஸ்றாவின் நாளிலும், ஏழாம் மாதம் முதல் தேதியில் தண்ணீர் வாசலுக்கு முன்பாக வேதத்தைக் கேட்டு அழுத ஜனங்களை நோக்கி, அழாமல் போய்க் கொழுமையானதைப் புசித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றே சொல்லப்பட்டது. நம் சபைகளிலும் அறுப்பின் பண்டிகை வருகிறது, அசனம் நடக்கிறது. இவ்வாண்டு அந்தப் பந்தியில் இலை போடுவதற்கு முன், உபாகமத்தின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ளவர்களில் உங்கள் தெருவில் இருப்பவர் யாரோ, அவரை நீங்களே போய் அழைத்துவாருங்கள்.